இறைக்கக் கூடாத கிணறு

தேற்றாத்தீவு
12.03.2005

அன்பின் றஸீனா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பதினொன்றே முக்கால். தனுஷா இப்போதுதான் கண் மூடினாள். மூடிய கண் எந்த நிமிடமும் திறக்கும் என்பதால் எழுத்துக் கோணல்மாணலாகத்தான் ஓடும். பகலில் எழுதினால் என்ன என்று நீ கேட்பாய். பகல் முழுக்க நான் உன்னோடு கோபமாக இருக்கிறேன். இரவானால்தான் அந்தக் கோபம் எழுதக்கூடிய அளவுக்கு இறங்குகிறது.

எங்கள் ஒழுங்கைக் கிணற்றைப் பற்றித்தான், இந்தச் சின்னத் தெரு முழுவதற்கும் இருக்கிற ஒரே கிணற்றைப் பற்றி. தை மாதம் நீ உங்கள் நிவாரண நிறுவனத்து ஆட்களோடு வந்து, "கடல் தண்ணி உள்ளுக்குப் போயிட்டு சுலோ, அடிமட்டும் இறைச்சிக் குளோரின் போட்டாச் சரியாகிடும்" என்று சொல்லி இறைத்துவிட்டுப் போனாய். கெம்பஸ் விடுதியில் மூன்று வருடம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் சொன்னாள் என்று நானும் ஒழுங்கை முழுவதற்கும் உறுதி கொடுத்தேன். மாசியில் இன்னொரு நிறுவனம் வந்தது. "எத்தனை தரம் இறைத்தீர்கள்?" என்று கேட்டார்கள், "ஒரு தரம்" என்றோம், "போதாது" என்று இறைத்தார்கள். பத்து நாள் கழித்து மூன்றாவது நிறுவனம் வந்தது. அவர்களும் இறைத்தார்கள். கிணற்றடியில் இப்போது மூன்று பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

முதல் தரம் இறைத்தபோது வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. இப்போது வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாலே கரிக்கிறது. பக்கத்து வீட்டு இராசாத்தி அக்கா அதில் சோறு ஆக்கிவிட்டு, "உப்புப் போடத் தேவல்லகா, பெரிய உபகாரம்" என்கிறா. அவ பகிடி விடுகிறா. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பவுசர் லொறியில் வரும் தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, மறுபடியும் கொதிக்கவைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். கிரானில் படிப்பித்துவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் வருகிற இவர் அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி காய்ச்சிறியா, குழம்பு வைக்கிறியா?" என்று கேட்கிறார். கேட்பார். அவருக்கென்ன, கிரானில் கிணறு தித்திப்பு.

சொல்ல வந்த விஷயம் இதுதான். சென்ற கிழமை விதானையார் அரசாங்கக் கடிதத்தோடு வந்து கூட்டம் வைத்தார். இந்த வருட முடிவுக்குள் ஒழுங்கையில் குடிதண்ணீர் இல்லையென்றால் இங்கே புது வீடு கட்ட அனுமதி இல்லையாம். ஆற்றுக்கு அங்கால், மூன்று இடங்களில் காணி பிரித்துத் தருவார்களாம். எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீடு இருந்தது. மார்கழி இருபத்தாறு சுனாமியோடு பதினான்காகிவிட்டது. அந்தப் பதினான்கையும் மூன்றாகப் பிரித்து விட்டால் பிறகு ஒழுங்கை என்று சொல்ல என்ன இருக்கிறது? இந்த வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. ஒரு சுவர் விழுந்தாலும் மிச்சம் நிற்கிறது. நாளைக்குத் தனுஷாவுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பதும் இது ஒன்றுதான்.

இதற்குள் எங்கள் கிராமச் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி மாமாவுக்கு யாரோ ஒரு தண்ணீர்ப் பம்ப் அன்பளிப்புச் செய்திருக்கிறார்கள். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தன் வீட்டு நடு மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறார். அடுத்த ஞாயிறு, இருபதாம் தேதி, அவருடைய கையால் நாலாவது தரம் இறைக்கப்போகிறாராம்.

இறைக்கலாமா, கூடாதா? இதை மட்டும் சொல். சொல்லிவிட்டுப் பிறகு நாம் கோபமாக இருக்கலாம்.

சுலோஜனா

*

திருகோணமலை
18.03.2005

அன்புள்ள சுலோ,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே இரண்டு பக்கத்துக்குச் சூடாக ஒரு பதில் எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் நான் மிகவும் நல்லவளாக இருந்தேன், நீ நன்றிகெட்டவளாக இருந்தாய். விடிய எழும்பி வாசித்தால் ஒரு வரியும் உண்மை இல்லை.

உண்மை இது: இறைக்கக் கூடாது. தை மாதம் நான் சொன்னது பிழை. எழுத்தில் தருகிறேன், வேண்டுமென்றால் சட்டம் போட்டு மாட்டி வை.

போன கிழமை இங்கே எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. நிலத்தடி நீர் படித்த ஒருவர் வந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீருக்குச் சாயம் கலந்து ஊற்றினார். அதற்கு மேல் கரண்டியைச் சரித்துப் பிடித்து நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல விட்டார். அல்லாஹ்வே, இரண்டும் கலக்கவில்லை சுலோ. கீழே சிவப்பு, மேலே தெளிவு. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற உங்கள் மணலுக்கு அடியில் அப்படித்தான் இருக்கிறதாம். மழைத் தண்ணீர் மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கீழே உப்பு. பம்ப் வைத்து உறிஞ்சினால் மேலே இருந்த கொஞ்ச நல்ல தண்ணீரும் போய், அடியிலிருக்கிற உப்பு ஏறி வந்துவிடும். சுத்தமாக்குகிறோம் என்று நாங்கள் ஒவ்வொரு நிறுவனமாக வந்து கடலை உங்கள் கிணற்றுக்குள் இழுத்துக் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இறைப்பித்த கிணறுகளை மனதுக்குள் எண்ணினேன். அறுபத்து மூன்று. அதற்கு மேல் எண்ணவில்லை.

செய்ய வேண்டியது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஞாயிறுக்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால் பம்பைக் கிட்டவே விடாதே. உடுப்புத் துவைக்க, கழுவ அள்ளுகிறவர்கள் கையால் வாளி போட்டு மேல் தண்ணீரை மட்டும் அள்ளட்டும். வாளி தண்ணீர் மட்டத்தைத் தொட்டு ஒரு சாண் தாழும் அளவுக்குக் கயிற்றை விட்டு, அதற்கு மேல் போகாதபடி கப்பிக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டுவிடு. மாரி வந்தால் மழை மேலேயிருந்து நிரப்பும். உப்புத் தானாக இறங்கும்.

அடுத்த கிழமை, சனிக்கிழமை, எங்கள் வாகனம் மட்டக்களப்புக்கு வருகிறது. அதில் பேனை அளவில் ஒரு மீற்றர் கொடுத்து அனுப்புகிறேன். நுனியைத் தண்ணீரில் வைத்தால் இலக்கம் காட்டும். ஆயிரத்துக்குக் கீழே வந்தால் குடிக்கலாம். இரவல்தான். பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதே.

இங்கே என் கதை வேறு. உம்மா ஏறாவூரில் எனக்கு வீடு கட்டத் தொடங்கிவிட்டா. மாப்பிள்ளை இன்னும் இல்லை, வீடு மட்டும் வளர்கிறது.

கோபம் தீர்ந்ததா என்று கேட்க மாட்டேன். மீற்றர் கிடைத்ததா என்று மட்டும் எழுது.

றஸீனா

*

தேற்றாத்தீவு
17.04.2005

அன்பின் றஸீனா,

மீற்றர் கிடைத்தது. உன் கடிதமும் கிடைத்தது, ஆனால் புதன்கிழமை. கிணற்றை ஞாயிற்றுக்கிழமையே இறைத்துவிட்டார்கள். வினாயகமூர்த்தி மாமா தேங்காய் உடைத்து, ஒரே இழுவையில் பம்பை இயக்கி, பெண்கள் குரவையிட, அடி மணல் தெரியும் வரை இறைத்தார். நான் தனுஷாவைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். நீ சொல்லவில்லை, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது உன் பிழை இல்லை, தபாலின் பிழை. தை மாதத்துப் பிழையையும் நான் மன்னித்துவிட்டேன். அறுபத்து மூன்று கிணறுகளையும் நீ ஒருத்தியே முதுகில் சுமக்க வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் தேங்காய் உடைத்தவர்கள்தான்.

மீற்றரை முதன்முதல் கிணற்றில் இறக்கியபோது ஒழுங்கையே கூடிவிட்டது. இராசாத்தி அக்கா எட்டிப் பார்த்து, "என்னகா இது, காய்ச்சல் பாக்கிற சாமானா? கிணத்துக்கு எத்தின டிகிரி?" என்றா. ஏழாயிரத்து நானூறு என்றேன். "அப்ப உசிரோட இருக்காதே!" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த இலக்கத்தைக் கலண்டரில் குறித்து வைத்தேன்.

பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். இனி இறைக்கக் கூடாது, மாரி வரை சும்மா விடவேண்டும் என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

"படிச்ச புள்ள, ஏதும் வழி சொல்லுவாய் எண்டு பாத்தா, சும்மா இருங்க எண்டு சொல்லுறாய். சும்மா இரிக்கிறதுக்கு என்னத்துக்கு மனே கெம்பஸுக்குப் போன?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி மாமா.

அவரையும் குறை சொல்ல முடியாது. மனிதருக்கு வாழ்நாளில் முதல் முதலாக ஒரு பம்ப் கிடைத்திருக்கிறது. அதை இயக்காதீர்கள் என்று நான் சொல்கிறேன்.

ஆனாலும் கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டேன். கேட்டுப் போடவில்லை, விடிய எல்லோருக்கும் முன் எழும்பிப் போட்டேன். ஆறு மணிக்கு இராசாத்தி அக்கா வாளியை விட்டா. அது அரைவாசி நிரம்பி, மேலேயே நின்று ஆடியது. "ஆரடி இந்தக் கிணத்துக்குக் கடிவாளம் போட்ட?" என்ற சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவவே வந்து, "மேல் தண்ணி கொஞ்சம் குறைவாத்தான் கரிக்கிது" என்றா. இப்போது யாராவது முடிச்சை அவிழ்க்கப் போனால் அவதான் காவல்.

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு. வருடத்துக்கு ஒரு தரம் கோயில் கதவு திறக்கிறதற்கு முன் இந்தக் கிணற்றை அடிமட்டும் இறைத்துத் துப்புரவாக்குவது வழக்கம். ஏழாம் நாள், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அம்மனுக்கு எடுப்போம். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் யார் தெரியுமா? அதே வினாயகமூர்த்தி மாமா. "கடல் வந்த வருசத்திலயும் வழக்கத்தக் கைவிட்டா அம்மாள் எங்கள என்னெண்டு நினைப்பா?" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் பம்பைப் பார்க்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிடிவாதத்தோடு சண்டை பிடிக்கலாம். பக்தியோடு எப்படிப் பிடிப்பது?

நான் என்ன சொல்ல?

சுலோஜனா

*

திருகோணமலை
29.04.2005

சுலோ,

அவசரமாக எழுதுகிறேன். வாகனம் வெளியே நின்று ஹோர்ன் அடிக்கிறது.

இப்போது வெயில் காலம். வைகாசியில் அடிமட்டும் இறைத்தால் இந்த வருடம் அந்தக் கிணற்றை மறந்துவிடலாம். ஒக்டோபர் வரை மழை இல்லை. விதானையாரின் தவணைக்கு முன்னால் அது திரும்பாது. இவ்வளவும்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் கோயில் காரியத்தில் நான் வாய் வைக்க மாட்டேன். ஏறாவூர்க்காரி ஒருத்தி அம்மன் சடங்கை நிறுத்தச் சொன்னாளாம் என்று ஒரு கதை கிளம்பினால் கிணறும் போகும், நீயும் நானும் போவோம். அது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. அந்தக் குவளைக் கதையை மட்டும் நீ செய்து காட்டு. சொல்லாதே, காட்டு. நானே பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தனுஷாவுக்குப் பல் வந்துவிட்டதா?

றஸீனா

*

தேற்றாத்தீவு
27.05.2005

அன்பின் றஸீனா,

உட்கார்ந்து வாசி. நின்றுகொண்டு வாசித்தால் சிரித்து விழுந்துவிடுவாய்.

குவளைக் கதையை வீட்டில் நாலு தரம் பழகினேன். முதல் இரண்டு தரமும் கலங்கிவிட்டது. மூன்றாம் தரம் நன்றாக வந்தது, தனுஷா அதற்குள் கையை விட்டாள். நாலாம் தரம் இவர் கரண்டி பிடிக்க நான் ஊற்றினேன். மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீர் கீழே, நல்ல தண்ணீர் மேலே. தாலி கட்டும்போதுகூட இவர் கை அவ்வளவு நிதானமாக இருக்கவில்லை.

கோயில் கூட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். இடுப்பில் பிள்ளை, கையில் குவளை, தோள்பையில் சோடாக் கடையில் வாங்கிய உறிஞ்சு குழல் இரண்டு. கூட்டத்தில் எழும்பி நின்றேன். பேசவேண்டியதெல்லாம் மறந்துபோய், "மாமா, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க" என்று மட்டும்தான் வந்தது.

அவர் குழலை வாங்கினார். எல்லோரும் செய்வதுபோல அடி வரை குத்தி விட்டார். ஒரே மூச்சில் இழுத்தார்.

கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது. விழுங்கவும் முடியாது, கோயில் வாசலில் துப்பவும் முடியாது. கன்னம் உப்பிக்கொண்டு வீதி வரை ஓடிப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "உப்பு!" என்றார். மற்றக் குழலை நான் இராசாத்தி அக்காவிடம் கொடுத்து, மேலே மட்டும் வைத்து மெதுவாக இழுக்கச் சொன்னேன். "நல்ல தண்ணிதானே" என்றா. "ஒரே குவளைதானே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ஓம், ஒரே கிணறுதான்" என்றேன். "மாமா குடிச்ச மாதிரித்தான் பம்ப் குடிக்கும். அக்கா குடிச்ச மாதிரி நாம குடிச்சா மாரி மட்டும் தாங்கும்."

வினாயகமூர்த்தி மாமா சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு குவளையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு வண்ணக்கரை ஓடவைத்துவிட்டேன், இனி என்ன சொன்னாலும் மறுப்பார் என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "வழக்கம் வழக்கம்தான். கதவு திறக்க முந்திக் கிணறு இறைச்சே ஆகவேணும். அத மாத்த எனக்கு அதிகாரமில்ல." பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா எவ்வளவு இறைக்கவேணும் எண்டு ஆரும் எழுதி வைக்கல்லயே."

றஸீனா, நான் அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன், இடுப்பில் பிள்ளை இல்லாவிட்டால்.

வீட்டுக்கு ஒரு குடம். பதினான்கு வீடு, பதினான்கு குடம். பம்ப் இல்லை, கையால்தான், மேல் தண்ணீர்தான். இறைத்த பிறகு பாசி சுரண்டி, கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, மூன்று பெயர்ப் பலகைகளையும் கழற்றினோம். அவற்றில் ஒன்று இப்போது இராசாத்தி அக்காவின் கோழிக்கூட்டுக்குக் கதவு. வண்ணக்கர் கிணற்றைச் சுற்றி வந்து, "இறைச்சாச்சு" என்று அறிவித்தார். திங்கட்கிழமை குளிர்த்தி நல்லபடி நடந்தது. சென்ற வருடம் எங்களோடு நின்ற நாலு வீட்டாரை நினைத்து எல்லோரும் அழுதோம். அழுது முடித்துச் சாப்பிட்டோம்.

இன்றைய இலக்கம்: ஐயாயிரத்துத் தொளாயிரம்.

பல் இரண்டு வந்துவிட்டது. கடிக்கிறாள்.

சுலோஜனா

*

திருகோணமலை
19.06.2005

அன்புள்ள சுலோ,

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வண்ணக்கர் வீதி வரை ஓடிய இடத்தில் எங்கள் சாரதி தேநீரைக் கொட்டிக்கொண்டார். இனி நான் போகிற ஊரெல்லாம் இரண்டு குழல் கொண்டு போகப்போகிறேன்.

ஏறாவூரில் எனக்கு இதே சண்டைதான். புது வீட்டுக்குக் கிணறு வெட்டுகிறார்கள். உம்மா இருபது முழம் ஆழம் கேட்கிறா. ஆறு பக்கத்தில் இருக்கிறது, பத்துப் போதும் என்றேன். "ஊட்டுக்கு வாற மாப்புள கிணத்தத்தான் முதல்ல எட்டிப் பாப்பான். ஆழமில்லாட்டி என்ன மதிப்பு?" என்கிறா. கிணற்றின் ஆழம் பார்த்துக் கட்டுகிறவன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகக் கூடாது என்கிறவனும் வேண்டாம் என்று அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். உம்மா தொலைபேசியை வைத்துவிட்டா.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் வருகின்றன. இலக்கம் அசையாமல் நிற்கும். பயப்படாதே. பயப்படுவாய், தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

றஸீனா

*

தேற்றாத்தீவு
24.08.2005

றஸீனா,

நான் ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன். முழுவதையும் சொல்கிறேன், இடையில் என்னை வையாதே.

போன செவ்வாய் தனுஷாவுக்கு வயிற்றோட்டம். இரவு முழுக்க ஒன்பது தரம். இவர் கிரானில். காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜீவனிக் கரைசல் கொடுத்தார்கள், பயமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் அவளைக் கழுவி விடுகிற வாளியில் கிணற்றுத் தண்ணீர். குடிக்கக் கொடுப்பதில்லை, கழுவத்தான். ஆனால் அவள் கையை வாயில் வைப்பாள்தானே? மூளைக்குள் அந்த ஒரு எண்ணம்தான். உன் ஆட்கள் தை மாதம் விட்டுப்போன குளோரின் தூள் ஒரு கிலோப் பொதி பரணில் கிடந்தது. ஒரு கரண்டி போடவேண்டியது என்று எனக்குத் தெரியும். நான் பொதியோடு கொட்டினேன்.

இப்போது ஒழுங்கை முழுக்க ஆஸ்பத்திரி மணம். கழுவப் போட்ட இராசாத்தி அக்காவின் சிவப்புச் சேலை ரோசாவாகிவிட்டது. "எங்களத் தொடாத தொடாத எண்டு சொல்லிப்போட்டு நீ என்னகா செஞ்ச?" என்று கேட்டா. இளந்தாரிகள் நாலு பேர், "இனி வேற வழியில்ல, இறைச்சித்தான் எடுக்கணும்" என்று பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களைத் தடுத்தது யார் என்று நினைக்கிறாய்? வினாயகமூர்த்தி மாமா. கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "பம்பில கழட்டின பிளக் இஞ்ச இரிக்கி, அது இல்லாம ஓடாது. இறைக்கிற ஆக்கள் முதல்ல என்ன இறைங்க." விளக்கு வைக்கும் வரை இறங்கவில்லை. போகும்போது என்னிடம், "புள்ளைக்கு எப்படி மனே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தனுஷாவுக்குச் சுகம். கிணற்றில் ஒன்றும் இல்லையாம். பல் வருகிற பிள்ளை நிலத்தில் கிடந்த எதையோ எடுத்துக் கடித்திருக்கிறாள் என்று மருத்துவத்தாதி சொன்னா. ஒரு கிழிந்த செருப்பு வாரை நானே அவள் வாயிலிருந்து எடுத்தேன், திங்கட்கிழமை. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

இலக்கம் ஐயாயிரத்து இருநூறில் நிற்கிறது. எல்லாம் கெட்டுவிட்டதா?

சுலோ

*

திருகோணமலை
30.08.2005

என் சுலோ,

ஒன்றும் கெடவில்லை. கிணற்று மூடியைத் திறந்து வை. வெயிலிலும் காற்றிலும் குளோரின் தானாகப் போகும். இரண்டு கிழமை மணக்கும். ஒரு வாளியும் எடுக்காதீர்கள். இரவல் தண்ணீரில் சமாளியுங்கள். வண்ணக்கருக்கு என் ஸலாம் சொல். அவரை உட்கார்த்தி வைக்க ஒரு கதிரை கொடுங்கள், பாவம்.

நீ தாய். பயப்படுவது உன் வேலை, அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இனிப் பயம் வந்தால் கிணற்றடிக்குப் போகாதே. மேசைக்குப் போ. எனக்கு எழுது. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நீ எழுதுகிற நேரத்தைப் பற்றி நான் எப்போதாவது முறைப்பட்டேனா?

அறுபத்து மூன்று கிணறு கெடுத்தவள் சொல்கிறேன், ஒரு கிலோக் குளோரினுக்கு இவ்வளவு அழக் கூடாது.

இராசாத்தி அக்காவுக்கு ரோசா நிறம் பொருந்துகிறதா?

றஸீனா

*

தேற்றாத்தீவு
18.12.2005

அன்பின் றஸீனா,

நவம்பர் முழுக்க எழுதாமல் விட்டதற்கு உன்னிடம் முறைப்பாடு இருக்கும். எழுதினால் இலக்கம் திரும்பி ஏறிவிடுமோ என்று ஒரு பயம். சிரிக்காதே.

மாரி ஐப்பசி கடைசியில் பிடித்தது. பிடித்தது என்றால் ஒன்பது நாள் விடவில்லை. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். வெள்ளத்து அழுக்குக் கிணற்றுக்குள் போய்விடக் கூடாது என்று கட்டைச் சுற்றி மண் மூட்டை அடுக்கினோம். இளந்தாரிகள் அடுக்க, இராசாத்தி அக்கா குடை பிடித்துக்கொண்டு வேலை வாங்கினா. மழை விட்ட அன்று மூவாயிரத்து நூறு. அடுத்த கிழமை இரண்டாயிரத்து இருநூறு. பிறகு ஆயிரத்து நானூறில் வந்து நின்றுவிட்டது. ஐந்து நாள். நான் ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் மறுபடியும் மழை.

டிசம்பர் ஆறாம் தேதி ஆயிரத்துக்குக் கீழே போனது. தொளாயிரத்து எண்பது. மீற்றரைத் துடைத்து மறுபடி வைத்தேன். லீவில் நின்ற இவரைக் கொண்டு வைப்பித்தேன். வண்ணக்கரைக் கூப்பிட்டு அவர் கையாலும் வைப்பித்தேன். மூன்று பேருக்கும் அதே இலக்கம்.

விதானையார் என் மீற்றரை நம்பமாட்டேன் என்றார். அது சரிதான். ஒன்பதாம் தேதி அவரே ஒரு பரிசோதகரைக் கூட்டி வந்தார். அவர் போத்தலில் தண்ணீர் எடுத்து முத்திரை வைத்துவிட்டு, "எத்தனை தரம் இறைச்சீங்க?" என்று கேட்டார்.

"பதினாலு குடம்" என்றார் வினாயகமூர்த்தி மாமா, மிகவும் பெருமையாக.

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கும் விளக்கத் தெம்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. குடிக்கலாம், கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது என்று எழுதியிருந்தது. விதானையார் அதை வாசித்துவிட்டு, கூடவே கொண்டுவந்த இன்னொரு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது எங்களை மூன்று இடத்துக்குப் பிரிக்கிற தாளாம். "இது இனித் தேவல்ல" என்றார். பதினான்கு வீடும் இங்கேதான். விழுந்த சுவரைக் கட்டத் தை பிறந்ததும் மேசன் வருகிறான்.

கூச்சல் அடங்க வெகுநேரம் ஆனது. பம்பைக் கிரான் பக்கம் வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்துவிடுவதென்று வண்ணக்கரே முடிவெடுத்தார். இவர்தான் ஏற்றிக்கொண்டு போகிறார். மாமா அதன் பொட்டை அழிக்காமல்தான் கொடுத்தார்.

நான் சொல்ல விரும்பியது இதற்குப் பிறகு நடந்தது. எல்லோரும் கலைந்த பிறகு இராசாத்தி அக்கா ஒரு வாளி அள்ளிக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனா. தனுஷா இப்போது நடக்கிறாள், தெரியும்தானே. தள்ளாடித் தள்ளாடிப் போய் வாளியில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தாள். நான் பாய்ந்தேன். பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். கொதிக்கவைக்கவில்லை, வடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. என் கை அவள் கைக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. இந்தத் தண்ணீரை ஒன்பது மாதமாக நாள் தவறாமல் அளந்தவள் நான். இதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. அவள் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா" என்றாள். இன்னும் வேண்டுமாம். நானும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். பிறகு இருவருமாகக் குடித்தோம், வயிறு குளிர.

நாளையிலிருந்து கொதிக்கவைப்பேன். கட்டாயம். ஆனால் ஒரு தரம்தான்.

இனி ஒரு வேலை. அடுத்த ஒழுங்கையில் மூன்று கிணறு இருக்கிறது. அவர்கள் இந்த வருடம் முழுக்க இறைத்து இறைத்துக் கெடுத்தவை. இப்போது என்னை வந்து பேசச் சொல்கிறார்கள். இந்தத் தரம் நான் மறக்காமல் பேசுவேன், ஆனால் மூன்று கிணற்றுக்கு ஒரு மீற்றர் போதாது, அந்த மீற்றரும் உன்னுடையது. கூட்டம் ஜனவரி எட்டாம் தேதி, ஞாயிறு. நீ வா. என் வீட்டிலேயே தங்கலாம், உனக்குப் புதுச்சட்டியில் தனியாகச் சமைக்கிறேன். எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று கெதியாகப் பதில் எழுது.

உன்
சுலோஜனா